கணக்கு நோட்டும் காமிராவும்

மாதம் பிறந்தால் சம்பளம் வரும் என்பது, கிழக்கே சூரியன் உதிக்கும் என்பதைப் போல நம் வீடுகளில் ஊறிப்போன ஒரு நம்பிக்கை. பாலுக்கு இவ்வளவு, வாடகைக்கு இவ்வளவு, பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு என்று முதல் தேதி இரவே பங்கு போட்டுவிடுகிறோம். மிச்சம் இருந்தால் ஒரு புடவை. இல்லாவிட்டால் அடுத்த மாதம். இந்த ஒழுங்கில்தான் நமது குடித்தனங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில், பி.காம். தேறி, ஒரு கம்பெனியில் கணக்கு எழுதி, மாதம் தவறாமல் சம்பளம் கொண்டுவரும் பிள்ளை ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது, "அம்மா, வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். சினிமாவில் சேரப் போகிறேன்" என்றால் என்ன ஆகும்?

அம்மாவின் கையில் இருக்கும் ரசக் கரண்டி அந்தரத்தில் நின்றுவிடும். அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அத்தையோ பாட்டியோ இருந்தால், "எல்லாம் அந்தக் கண்ணேறுதான்" என்று மிளகாய் எடுக்கப் போவார்கள். ஆனால் சமையலறை நிலைப்படி ஓரத்தில் நிற்கிறாளே மருமகள், அவள் வாய் திறக்கமாட்டாள். மனசுக்குள் அவள் ஒரு கணக்குப் போட ஆரம்பித்திருப்பாள். 'கையில் எவ்வளவு இருக்கிறது? எத்தனை மாதம் தாங்கும்?'

இந்த வாரம் அந்தக் கணக்கைப் பற்றித்தான் பேசப் போகிறோம். வெறும் உபதேசமாகப் பேசினால் யாருக்கும் பிடிக்காது. ஆகையால், நாம் எல்லோரும் திரையில் பார்த்துப் பழகிய ஒரு மனிதரின் கதையை எடுத்துக்கொள்வோம். அந்தக் கதை நம்மைப் போடிநாயக்கனூர் மலையடிவாரம் வரையில் அழைத்துக்கொண்டு போகும்.

கணக்கராகவே உள்ளே வந்தவர்

விஜய் சேதுபதி 1978-ம் வருஷம் ராஜபாளையத்தில் பிறந்தவர். ஆறாம் வகுப்புப் படிக்கும் வயதில் குடும்பத்தோடு சென்னைக்கு வந்தார். வடசென்னையில் எண்ணூரில் வாசம். துரைப்பாக்கத்தில் உள்ள கல்லூரியில் பி.காம். படித்தார். படிக்கும் காலத்திலேயே கைச்செலவுக்காகக் கடையில் விற்பனையாளர், உணவு விடுதியில் காஷியர், டெலிபோன் பூத்தில் ஆள் என்று சின்னச் சின்ன வேலைகள் எல்லாம் பார்த்திருக்கிறார்.

கல்லூரி முடிந்த கையோடு ஒரு மொத்த சிமெண்ட் வியாபாரக் கம்பெனியில் கணக்கு உதவியாளரானார். உடன்பிறந்தவர்கள் மூன்று பேர். குடும்பப் பொறுப்பு தோளில் இருந்தது. இங்கே வாங்கிய சம்பளத்தைப்போல் நான்கு மடங்கு கிடைக்கிறது என்று துபாய்க்குப் புறப்பட்டுப் போனார். அங்கேயும் அக்கவுண்டண்ட் உத்தியோகம்தான். வரவு, செலவு, பற்று, பாக்கி!

நான்கு மடங்கு சம்பளம் கிடைக்கும் உத்தியோகத்தை எந்த வீட்டிலும் லேசில் விடச் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த வேலை அவர் மனசுக்கு ஒட்டவில்லை. 2003-ம் வருஷம் ஊர் திரும்பினார். கல்யாணமும் அதே வருஷம்தான். சிநேகிதர்களோடு சேர்ந்து வீட்டு உள் அலங்கார வியாபாரம் செய்து பார்த்தார். பிறகு ஆயத்தச் சமையலறைகள் விற்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். அந்தச் சமயத்தில்தான் 'கூத்துப்பட்டறை'யின் விளம்பரம் அவர் கண்ணில் பட்டது.

கூத்துப்பட்டறை என்பது நாடகாசிரியர் ந. முத்துசாமி 1977-ல் தொடங்கிய நாடகக் குழு. தெருக்கூத்தின் உயிரையும் நவீன நாடகத்தின் வடிவத்தையும் இணைத்துப் பார்த்த இடம். பசுபதி போன்ற நடிகர்கள் உருவான பட்டறை. அங்கே போய் விஜய் சேதுபதி எந்த வேலையில் சேர்ந்தார், தெரியுமா? 2004-ல் அவர் அங்கே கணக்கராகத்தான் சேர்ந்தார்!

இதைப் படிக்கும்போது சற்று நிறுத்தி யோசித்துப் பாருங்கள். 'வேலையைத் தூக்கி எறிந்துவிட்டுச் சினிமாவுக்குப் போனார்' என்று நாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நடந்தது அப்படி அன்று. தெரிந்த தொழிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அதைச் செய்யும் இடத்தை மட்டும் மாற்றினார். சிமெண்ட் கம்பெனியில் எழுதிய அதே பற்று வரவை ஒரு நாடகக் குழுவில் எழுதினார். கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கினால் எதிரே நடிகர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார்கள். எப்படி நிற்கிறார்கள், எப்படி மூச்சு விடுகிறார்கள், எப்படி வசனத்தை விழுங்காமல் பேசுகிறார்கள் என்று பார்க்கலாம். கற்றுக்கொள்ளக் காசு கொடுக்க வேண்டிய இடத்தில், வேலையும் பார்த்துக்கொண்டே கற்றார்.

ஆறு வருஷம் எங்கே போயிற்று?

சரி, கூத்துப்பட்டறையில் சேர்ந்த மறு வருஷமே புகழ் வந்துவிட்டதா? அதுதான் இல்லை. 2006-ல் 'புதுப்பேட்டை'யில் கூட்டத்தில் ஒருவராக வந்தார். தொலைக்காட்சித் தொடரிலும், இளைஞர்கள் எடுத்த குறும்படங்களிலும் நடித்தார். 2009-ல் டைரக்டர் சுசீந்திரனின் 'வெண்ணிலா கபடி குழு'விலும், 2010-ல் 'நான் மகான் அல்ல' படத்திலும் சின்ன வேஷங்கள். கண் சிமிட்டினால் போயிற்று. சொந்தக்காரர்கள்கூட, "எந்த இடத்தில் வருகிறான்?" என்று கேட்கக்கூடிய வேஷங்கள்.

கதாநாயகனாக நடித்த முதல் படம் 2010 டிசம்பரில்தான் வெளிவந்தது. ஊரெல்லாம் பெயர் சொல்லும்படியான வெற்றி, 2012-ல் 'பீட்சா', 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' ஆகிய படங்கள் வந்த பிறகே கிடைத்தது. துபாயிலிருந்து திரும்பிய நாளிலிருந்து எண்ணினால் ஒன்பது வருஷம்!

ஒன்பது வருஷம் என்றால் ஒரு வீட்டில் எத்தனை முதல் தேதிகள்? நூற்றெட்டு. எழுத்தில் எழுதினால் ஒரு வரி. வாழ்ந்து கழித்தால் நூற்றெட்டுத் தடவை வாடகை, நூற்றெட்டுத் தடவை மளிகை, இடையில் குழந்தைக்குக் காய்ச்சல், தங்கைக்குச் சீமந்தம், தீபாவளிக்குத் துணி. பேட்டிகளில் பெயர் வருவது ஒருவருடையது. இந்த நூற்றெட்டு மாதங்களைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் வீட்டில் இருப்பவர்கள். வெற்றிக் கதைகளைப் படிக்கும்போது நடுவில் உள்ள இந்தப் பக்கங்களை நாம் புரட்டித் தள்ளிவிடுகிறோம். நிலைப்படியில் நின்ற மருமகள் அவற்றைத்தான் முதலில் படிக்க விரும்புகிறாள்.

மலையடிவாரத்துக்கு வந்த காற்று

2010 டிசம்பரில் வந்த அந்த முதல் படத்துக்கும் போடிநாயக்கனூருக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னேன் அல்லவா? படத்தின் பெயர் 'தென்மேற்குப் பருவக்காற்று'. டைரக்டர் சீனு ராமசாமி. தேனி வட்டாரத்து மண்ணைக் களமாகக் கொண்ட கதை. கதாநாயகன் முருகையன் ஆடு மேய்க்கிறவன். அவன் தாய் வீராயி மானாவாரி நிலத்தில் பாடுபட்டு மகனை வளர்த்தவள். பட்டணத்துக் கணக்கர் கையில் மேய்ப்பனின் கம்பு வந்து சேர்ந்தது.

அந்தப் பக்கம் போனவர்களுக்கு இடம் கண்ணில் நிற்கும். போடியிலிருந்து தேவாரம் வழியாகத் தெற்கே போகும்போது, கூடவே மேற்கில் மலைத்தொடரும் நடந்து வருகிறது. அடிவாரத்தில் பொட்டிபுரம் போன்ற கிராமங்கள். நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்கு அந்த மலையைக் குடைவது பற்றி எழுந்த பேச்சினால் பொட்டிபுரத்தின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. மற்றபடி மானாவாரி வெள்ளாமை, ஆடு மாடு என்று வாழ்கிற ஊர். ஆனி, ஆடி மாதங்களில் மலைக்கு அந்தப்புறம் மழை கொட்டும்போது இந்தப்புறம் காற்றுத்தான் வரும். ஆளைத் தள்ளும் காற்று. அந்தக் காற்றை நம்பித்தான் தேனி மாவட்டத்தில் இன்று காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழல்கின்றன.

அந்தப் படத்துக்கு மூன்று தேசிய விருதுகள் கிடைத்தன. சிறந்த தமிழ்ப் படம் என்று ஒன்று. வீராயியாக நடித்த சரண்யா பொன்வண்ணனுக்கு ஒன்று. பாட்டு எழுதிய வைரமுத்துவுக்கு ஒன்று. புதுக் கதாநாயகருக்கோ இன்னும் இரண்டு வருஷக் காத்திருப்பு பாக்கி இருந்தது. விருது வந்தால் அரிசி வந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஏலக்காய் வீட்டுக் கணக்கு

போடிக்காரப் பெண்களிடம் இந்த நூற்றெட்டு மாதக் கணக்கைச் சொன்னால் அவர்கள் நம்மைப்போல் மிரளமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்றால், அவர்கள் ஊரே வேறு விதமான கணக்கில் நடக்கிறது.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறுகிற மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் பதினேழு. மெட்டைத் தாண்டினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அங்கே மரநிழலில் ஏலத் தோட்டங்கள். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் முதலிய ஊர்களிலிருந்து பொழுது விடியுமுன்பே ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள் மலையேறிப் போய்க் காய் எடுத்துவிட்டு மாலையில் இறங்குகிறார்கள். ஏலச்செடி உயரமாக நின்றாலும் காய் பிடிக்கும் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டிப் படரும். ஆகவே நின்றுகொண்டு பறிக்க முடியாது. ஈரத் தரையில் குந்தி, அட்டைக்கடிக்கு ஈடுகொடுத்து, முற்றிய காயாகப் பார்த்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

செடியை நட்டால் மூன்றாம் வருஷம்தான் காய்ப்புக்கு வரும். அதுவரையில் களை எடுப்பதும் உரம் வைப்பதும் நிழல் கழிப்பதுமாகச் செலவுதான். காய்க்கத் தொடங்கிய பிறகும் ஐந்து கிலோ பச்சைக் காயை உலர்த்தினால் சுமார் ஒரு கிலோ ஏலக்காய்தான் தேறும். அதைப் போடியில் சலித்து, தரம் பிரித்து, ஏலத்துக்கு அனுப்புவார்கள். அங்கே விலை யார் கையில் இருக்கிறது? 2019 ஆகஸ்டில் இடுக்கியில் உள்ள புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரையில் போயிற்று. மூன்று வருஷத்துக்குள், 2022-ல், அதே ஏலக்காய் கிலோ 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. செடியும் அதே செடிதான், உழைப்பும் அதே உழைப்புத்தான்.

சிறு தோட்டக்காரர் வீட்டு அம்மாள் ஒருத்தி, 7,000 ரூபாய் விலையைப் பார்த்து அதையே மாதச் சம்பளம் என்று நினைத்துச் செலவு செய்தாளானால் அந்தக் குடும்பம் என்ன ஆகும்? அவள் அப்படிச் செய்யமாட்டாள். நல்ல வருஷத்துப் பணத்தைக் கெட்ட வருஷத்துக்காக எடுத்து வைப்பாள். கொட்டிலில் இரண்டு மாடு நிற்கும்; வயலில் வேறு வெள்ளாமை இருக்கும்.

பணக் கம்பெனியிலிருந்தோ கணக்கு ஆபீஸிலிருந்தோ சினிமாவுக்குப் போவது என்பது வேலை மாற்றம் மட்டும் அன்று. மாதச் சம்பளக் கணக்கிலிருந்து ஏலக்காய்க் கணக்குக்கு ஒரு குடும்பமே மாறுவது. நட்டு, காத்திருந்து, காய்த்தபோது எடுத்து, விலை விழும் காலத்துக்கு மிச்சம் வைக்கும் கணக்கு. ஆள் மட்டும் மாறி, வீட்டுக் கணக்கு முதல் தேதியையே நம்பிக்கொண்டிருந்தால்தான் விபரீதம் வருகிறது.

மூட்டை சுமந்தவரின் கதை

கணக்கர் கதை இத்துடன் முடியவில்லை. பெயரும் பணமும் வந்த பிறகு விஜய் சேதுபதி படம் தயாரிக்கவும் இறங்கினார். 2015-ல் 'ஆரஞ்சு மிட்டாய்' என்ற படத்தைத் தயாரித்து, அதன் எழுத்திலும் பங்கெடுத்து, வயோதிகராக நடித்தார். அதற்குப் பிறகு அவர் தயாரித்த ஒரு படம் நம்மை மறுபடியும் இந்த மலைக்கே கொண்டுவருகிறது. 2018 ஆகஸ்ட் 24-ந் தேதி வெளியான 'மேற்குத் தொடர்ச்சி மலை'தான் அது. டைரக்டர் லெனின் பாரதி. காமிரா தேனி ஈஸ்வர். சங்கீதம், இதே மலையடிவாரத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா.

தயாரித்தவர் அதில் நடிக்கவில்லை. கதாநாயகனாக ஆன்டனி என்பவர் நடித்தார். பெரிய நட்சத்திரங்கள் யாரும் இல்லை. உள்ளூர் மக்கள் பலர் திரையில் தோன்றினார்கள். கதை என்ன? ரெங்கசாமி என்ற கூலித் தொழிலாளி மலைமேலிருந்து ஏலக்காய் மூட்டையை முதுகில் சுமந்து அடிவாரத்துக்குக் கொண்டுவருகிறார். அவருக்கு வாழ்நாளில் ஓர் ஆசை. சொந்தமாகக் கொஞ்சம் நிலம். அதற்காகச் சேர்க்கிறார். கைக்கு எட்டும்போதெல்லாம் அது நழுவுகிறது. ஒரு சமயம் மூட்டையே மலைச்சரிவில் உருண்டு, அத்தனை நாள் சேமிப்பும் காடெல்லாம் சிதறிப் போகிறது. கடைசியில் நிலம் கிடைக்கிறது. உரக்கடைக் கடன் ஏறுகிறது. நிலம் கைவிட்டுப் போகிறது. அந்த நிலத்தில் எழும்பிய காற்றாலைக்கே அவர் காவல்காரராக உட்கார்ந்திருப்பதோடு படம் முடிகிறது.

ஒரு கணக்கர் தயாரித்த படம் அல்லவா! அந்தக் கதை முழுவதும் வரவு செலவுதான். கடன் ஒரு மனிதனை எந்த இடத்தில் பிடிக்கிறது, சேமிப்பு எந்த நிமிஷத்தில் சிதறுகிறது என்று ரூபாய் அணா சுத்தமாகச் சொல்லும் கதை. வசூல் ராஜாப் படம் என்று அதை யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பார்த்தவர்கள் லேசில் மறக்கமாட்டார்கள். ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் பெண்களின் வாழ்க்கைக்கும் ஒரு படம் உண்டு என்று ஆயிற்று.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இப்படிப்பட்ட படத்துக்குப் பணம் போட, முதலில் பிற படங்களில் நடித்துச் சம்பாதித்திருக்க வேண்டியிருந்தது. 2004-ல் கூத்துப்பட்டறைக் கணக்கராக இருந்தபோது கடன் வாங்கி இதைத் தயாரித்திருந்தால், ரெங்கசாமியின் கதிதான் அவருக்கும்! எடுத்த படம் உடனே கொட்டகைக்கு வந்துவிடுவதில்லை. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறும். மத்திய அரசு சினிமாவை ஒரு தொழிலாக அங்கீகரித்ததே 1998-ல்தான். வங்கிக் கடனுக்கு வழி பிறந்தது அதற்குப் பிறகு. தமிழ்ப் படவுலகில் தனியார் பைனான்ஸ் வட்டியின் கை இன்னமும் ஓங்கித்தான் இருக்கிறது.

இரட்டைச் சவாரி செய்தவர்

"இது ஒரு அபூர்வக் கதை, எல்லோருக்கும் நடக்குமா?" என்று நீங்கள் கேட்கலாம். இன்னொருவரையும் சொல்கிறேன். கே. பாலசந்தர் நன்னிலம் பக்கத்து நல்லமாங்குடிக்காரர். சில காலம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துவிட்டு, 1950-ல் சென்னை அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாகாணத்துக் கணக்கையெல்லாம் தணிக்கை செய்யும் ஆபீஸ். பகலில் பைல், சாயங்காலம் நாடகம். 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்' முதலிய நாடகங்கள் அந்த ஆபீஸ்காரர் பேனாவிலிருந்து வந்தவைதாம்.

1964-ல் 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம் எழுதினார். அதே வருஷம் 'சர்வர் சுந்தரம்' படமாக வந்தது. 1965-ல் 'நீர்க்குமிழி'யை அவரே டைரக்ட் செய்தார். ஆபீஸில் சேர்ந்ததற்கும் முதல் படத்தை டைரக்ட் செய்ததற்கும் இடையில் பதினைந்து வருஷம். அந்தக் காலம் முழுவதும் அரசாங்கச் சம்பளம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது, நாடகமும் வளர்ந்துகொண்டிருந்தது. பின்னாளில் தாதா சாகிப் பால்கே விருது வரையில் பெற்ற ஒருவர், குதித்து ஓடாமல் படிப்படியாக இறங்கி வந்த வழி இது.

இருவரில் ஒருவர் கணக்கு வேலையைத் தம்முடனே நாடகத்துக்கு அழைத்து வந்தார். மற்றவர் கணக்கு வேலையில் இருந்துகொண்டே நாடகத்தைத் தம்மிடம் வரவழைத்துக்கொண்டார். இரண்டு பேருமே முதல் தேதியை முற்றிலும் கைவிடுவதற்கு முன்னால் வேறொரு தரையில் கால் ஊன்றிக்கொண்டார்கள். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்த ரகம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

வெற்றி பெற்றவர்களைப் பற்றி எழுதுவது சுலபம். கோடம்பாக்கத்தில் பத்துப் பதினைந்து வருஷம் உதவி டைரக்டராகவே அலைந்து, ஊருக்குத் திரும்பவும் வெட்கப்பட்டு, அறை வாடகைக்குத் திண்டாடுகிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவர்களுக்குத் திறமை குறைவு என்று சொல்லிவிட முடியாது. 2019-ல் 7,000 ரூபாய்க்குப் போன காயும் 2022-ல் 1,000 ரூபாய்க்குக் கீழே போன காயும் ஒரே செடியில் காய்த்தவைதான் என்று முன்னமே பார்த்தோமே! சந்தை என்று ஒன்று இருக்கிறது. அது யாருடைய பேச்சையும் கேட்காது.

ஆகையால், வீட்டில் ஒருவர் இப்படி ஆசைப்பட்டால், அழுவதற்கும் ஆசீர்வதிப்பதற்கும் முன்னால் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு சேர்ந்து உட்காருவது நல்லது. 'சம்பளம் இல்லாமல் எத்தனை மாதம் இந்த வீடு நடக்கும்?' என்று முதலில் எழுத வேண்டும். உத்தேசமாகச் சொன்னால் போதாது. இலக்கத்தில் எழுத வேண்டும். 'கற்ற கணக்கு அங்கே எதற்குப் பயன்படும்?' என்பது அடுத்தது. படக் கம்பெனிகளில் நடிகர்களும் டைரக்டர்களும் மட்டும் வேலை செய்வதில்லை. தினந்தோறும் பேட்டா பட்டுவாடா செய்ய, சாப்பாட்டுக்கும் வண்டிக்கும் ஜெனரேட்டருக்கும் கணக்கு வைக்க, கால்ஷீட் வீணானால் எவ்வளவு நஷ்டம் என்று அன்றைக்கே சொல்லக் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த வாசல் வழியாக உள்ளே போனால் படம் எப்படி எடுக்கிறார்கள் என்பதை முழுவதும் பார்க்கலாம். சாப்பாட்டுக்கும் குறை இராது.

பிறகு, 'எதைத் தொடக்கூடாது?' என்று ஒரு கோடு கிழிக்க வேண்டும். மனைவியின் நகை, குடியிருக்கும் வீட்டுப் பத்திரம், தங்கையின் கல்யாணப் பணம் இவை கோட்டுக்கு அந்தப்புறம் இருக்கட்டும். 'எத்தனை வருஷம் பார்ப்பது?' என்பதும் இப்போதே பேசிக்கொள்ள வேண்டியது. ஏலச்செடிக்கு மூன்று வருஷம். சினிமாவுக்கு அதைப்போல் பல மடங்கு ஆகும் என்பதற்கு மேலே சொன்ன இரண்டு பேருமே அத்தாட்சி. கெடு முடிந்து காய்ப்பு இல்லையானால், மறுபடியும் கணக்கு வேலைக்குத் திரும்புவதில் தலைகுனிவு ஒன்றும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். திரும்பி வரக் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தவன்தான் தைரியமாக வெளியே போவான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 'இந்தச் சுமையில் யார் பங்கு எவ்வளவு?' என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். பல வீடுகளில் இந்தக் கேள்வி கேட்கப்படுவதே இல்லை. கணவர் லட்சியத்தைத் தொடர்கிறார். மனைவியின் சம்பளமோ, டியூஷன் பணமோ, தையல் மிஷினோ வீட்டை இழுத்துக்கொண்டு போகிறது. அது தியாகம் என்று பாராட்டப்படுகிறது. பாராட்டு இருக்கட்டும், அவளைக் கேட்டார்களா? கேட்டு, அவளும் மனமொப்பி, "இத்தனை வருஷம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் அது இருவரும் சேர்ந்து நடத்துகிற தொழில். கேட்காமலே அவள் தலையில் வைத்தால் அது கைமாற்றுக் கடன். என்றாவது ஒரு நாள் வட்டியோடு கேட்கப்படும்.

இன்னும் ஒன்று. இதுவரையில் மகன், கணவன் என்றே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். இன்று நம் பெண்களும் வங்கிகளில், தணிக்கை ஆபீஸ்களில் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்கும் காமிராவின் பின்னால் நிற்க ஆசை வரலாம். மகன் கேட்டால் தாளும் பென்சிலும், மகள் கேட்டால் ஜாதகமும் ஜோசியரும் என்று ஆகிவிடக்கூடாது. அவளுக்கும் அதே தாள், அதே பென்சில், அதே கேள்விகள். கணக்கு ஆண் பெண் பார்ப்பதில்லை.

பொட்டிபுரத்துப் பக்கம் மலையடிவாரத்தில் நின்று மேலே பார்த்தால், ஏலத் தோட்டம் ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. மலை முகடும் மேகமும்தான் தெரியும். இருந்தாலும் விடியற்காலையில் ஜீப் ஏறுகிற பெண்களுக்கு, அந்த மேகத்துக்கு அப்பால் எந்தச் செடி எத்தனையாம் வருஷம், எந்தச் சரத்தில் எத்தனை நாளில் காய் முற்றும் என்பது விரல் நுனியில் இருக்கிறது. ஆசையோடு மலையேறுகிற யாரும் அந்தத் துல்லியத்தையும் கொஞ்சம் மடியில் கட்டிக்கொண்டு போகட்டும். காய்ப்பு முன்னே பின்னே ஆனாலும் அடுப்பு அணையாது.